வாடகை ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது: பற்றுச்சீட்டில் சீரியல் இலக்கம் இருக்கிறதா?

இணைய இணைப்பை வெட்டச் சொல்வது ஒரு வேலை. வீட்டில் கிடக்கும் கருவிகளை ஒப்படைப்பது இன்னொரு வேலை. இரண்டும் ஒன்றென்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கணக்கை மூடுகிறவர் பார்ப்பது ஒரு பதிவு. ரவுட்டர் யார் பெயரில் வெளியே போனது என்பது வேறொரு பதிவு. முதல் பதிவு மூடியதும் மாதக் கட்டணம் நின்றுவிடும். இரண்டாவது மூடாமல் கிடந்தால், சில மாதம் கழித்துக் கருவியின் விலையோடு ஒரு இறுதிப் பில் வரும். அப்போது "நான் அன்றைக்கே கொண்டு வந்து தந்தேனே" என்று கவுன்டரில் நின்று சொல்வதில் பயனில்லை. சீரியல் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு இருந்தால் அந்தப் பேச்சு ஒரு நிமிடத்தில் முடியும்.

கருவி யாருடையது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே மூன்று விதமாகக் கொடுக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியது, ஒப்பந்தக் காலம் முடியும் வரைக்கும் இலவசமாகத் தந்தது, மாத வாடகைக்குத் தந்தது. வாங்கியதென்றால் அது உங்கள் சொத்து, யாருக்கும் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. மற்ற இரண்டும் கம்பனியுடையவை. இணைப்பு எடுத்த நாளில் கையொப்பம் வைத்த விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தில் இது எழுதியிருக்கும். படிவம் கைவசம் இல்லாவிட்டால் பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். பொதிக் கட்டணத்துக்குக் கீழே கருவி வாடகை என்று தனி வரி இருந்தால் அது வாடகைக் கருவிதான். அந்த வரி இல்லாததை வைத்து மட்டும் கருவி உங்களுடையது என்று முடிவெடுக்க வேண்டாம். வாடகையைப் பொதிக் கட்டணத்துக்குள்ளேயே சேர்த்துவிடுவதும் உண்டு.

அதே படிவத்தில் குறைந்தபட்ச ஒப்பந்தக் காலத்தையும் பாருங்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் என்று போட்டிருப்பார்கள். முடிய இரண்டு மாதம்தான் இருக்கிறதென்றால், இடையில் முறித்து அபராதம் கட்டுவதா, அந்த இரண்டு மாதக் கட்டணத்தைக் கட்டி ஒழுங்காக முடிப்பதா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பல வேளைகளில் இரண்டாவதுதான் மலிவு.

இணைப்பை நிறுத்துவதற்கு எழுத்தில் ஒரு கடிதம் கட்டாயம் கொடுங்கள். தொலைபேசியில் சொன்னால் மறுமுனையில் ஒரு முறைப்பாட்டு இலக்கம் தருவார்கள். அதையும் குறித்து வையுங்கள், ஆனால் அது கடிதத்துக்கு ஈடாகாது. கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம்:

"எனது பெயரிலுள்ள 065 ……… இலக்க இணைப்பையும் அதனோடு சேர்ந்த இணைய, தொலைக்காட்சிச் சேவைகளையும் ……… ஆம் திகதியுடன் நிரந்தரமாகத் துண்டிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்குரிய பின்வரும் கருவிகளை ஒப்படைக்கிறேன்: (கருவியின் பெயர், சீரியல் இலக்கம்). இறுதிக் கட்டணப் பட்டியலை ……… என்ற முகவரிக்கு அனுப்பவும். வைப்புப்பணத்தில் மீதியிருப்பின் ……… வங்கிக் கணக்கில் வரவு வைக்கவும்."

இதில் "நிரந்தரமாக" என்ற சொல் முக்கியம். தற்காலிகத் துண்டிப்பு என்று பதிந்துவிட்டால் இணையம் நிற்கும், வாடகை நிற்காது. 065 மட்டக்களப்புக்குரியது. கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்தவர்கள் 067, அம்பாறை, பொத்துவில் பக்கத்தவர்கள் 063 என்று தங்கள் நிலையான இலக்கத்தை எழுதுங்கள். சிம் போட்ட 4ஜி ரவுட்டர் என்றால் அந்த சிம்மின் இலக்கத்தை எழுத வேண்டும். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள்.

இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பது நம்முடைய பக்கத்தில் பெரிய சிக்கல். கணவர் பெயரில் இணைப்பு, அவர் கட்டாரில். மனைவி ரவுட்டரைக் கொண்டுபோனால் "பெயருக்குரியவர் வரவேண்டும்" என்பார்கள். அதற்குக் கணவர் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதம், அவருடைய அடையாள அட்டைப் பிரதி, கொண்டுபோகிறவரின் அடையாள அட்டை மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். கையொப்பமிட்ட கடிதத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அச்செடுத்துக் கொண்டுபோகலாம். எல்லாக் கிளையும் அதை ஏற்காது என்பதால் போவதற்கு முன் அழைத்துக் கேளுங்கள். பெயருக்குரியவர் இறந்திருந்தால் மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியும் உறவை உறுதிப்படுத்தும் ஆவணமும் தேவை. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ வீடெடுத்துப் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒருவர் பெயரில் ரவுட்டர் எடுப்பார்கள். பட்டம் முடிந்து ஆளாளுக்கு ஊர் போன பிறகு, அது கடைசியாக யார் அறையில் கிடந்ததென்று தேடுவார்கள். கடன் அந்த ஒருவருக்குத்தான். வீட்டைக் காலி செய்கிற கிழமைக்குள் ஒப்படைத்துவிடுங்கள்.

பழைய அடையாள அட்டை இலக்கத்தில் இணைப்பெடுத்து, இப்போது கையில் புது 12 இலக்க அட்டை இருந்தால் கணினியில் தேடும்போது கணக்கு அகப்படாமல் போகலாம். பழைய இலக்கத்தையும் சொல்லுங்கள். மறந்திருந்தால் கண்டுபிடிக்கலாம். புது இலக்கத்தின் முதல் இரண்டு எண்களையும் (19) எட்டாவது இடத்திலுள்ள பூச்சியத்தையும் எடுத்துவிட்டு, கடைசியில் வீ எழுத்தைப் போட்டால் பழையது. சிலருக்கு எக்ஸ் எழுத்து வரும்.

இனி கருவிக்கு வருவோம். பைபர் இணைப்பில் சுவரில் தொங்கும் ரவுட்டரின் அடியிலோ முதுகிலோ ஒரு வெள்ளை லேபல் ஒட்டியிருக்கும். அதில் குறைந்தது மூன்று இலக்கங்கள் இருக்கும். வலையமைப்பில் கருவியை அடையாளம் காட்டும் மெக் முகவரி என்பது 12 எழுத்து. கருவியைச் செய்த கம்பனியின் தயாரிப்பு சீரியல் ஒன்று. மூன்றாவது, பைபர் வலையமைப்புக்கான ஜிபொன் சீரியல், இதுதான் இணைப்பு வழங்குநரின் பதிவில் உங்கள் கணக்கோடு கட்டப்பட்டிருப்பது. நான்கு ஆங்கில எழுத்தும், அதன் பின் எண்ணும் எழுத்தும் கலந்து வரும் எட்டும் சேர்ந்தது அது. இசட்டிஈ கருவியில் இசட்-டி-ஈ-ஜி என்று தொடங்கும், ஹுவாவே கருவியில் எச்-டபிள்யூ-டி-சி என்று தொடங்கும்.

ஹுவாவே லேபலில் ஒரு குழப்பம் உண்டு. அதில் ஜிபொன் சீரியல் சில வேளை 48575443 என்று தொடங்கும் 16 எழுத்தாக அச்சிடப்பட்டிருக்கும். கணினியில் அதே கருவி எச்-டபிள்யூ-டி-சி என்று தொடங்கும் 12 எழுத்தாக இருக்கும். இரண்டும் ஒன்றுதான். 48, 57, 54, 43 என்பவை அந்த நான்கு ஆங்கில எழுத்துகளின் கணினிக் குறியீடுகள். பின்னாலுள்ள எட்டும் அப்படியே பொருந்தும். இது தெரியாத ஊழியர் "இது எங்கள் பதிவிலுள்ள கருவி இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடும். கடைசி எட்டு எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

4ஜி ரவுட்டரில் ஐஎம்ஈஐ என்ற 15 இலக்கக் கருவி அடையாள எண் லேபலில் இருக்கும். சிம் அட்டையின் முதுகில் 8994 என்று தொடங்கும் நீண்ட இலக்கம் ஒன்று உண்டு. 89 தொலைத்தொடர்புக்கு, 94 இலங்கைக்கு. ரிவி பெட்டிக்குத் தனி சீரியல் இருக்கும். எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில், எழுத்து வாசிக்கும்படியாகக் கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள். கருவி கையில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஒப்படைத்த பிறகு லேபலைப் பார்க்க வழியில்லை. கருவி முழுதும் தெரிய நாலு பக்கமும் ஒரு படம், விளக்குகள் எரிகிற நிலையில் ஒரு படம். வேலை செய்கிற கருவியைத்தான் கொடுத்தீர்கள் என்பதற்கு அந்தக் கடைசிப் படம் உதவும்.

கழற்றுவதற்கு முன் இணைப்பு உண்மையிலேயே துண்டிக்கப்பட்டதா என்று உறுதிப்படுத்துங்கள். வங்கிக்கும் பாடசாலைக்கும் கொடுத்திருந்த வீட்டுத் தொலைபேசி இலக்கம் இதே ரவுட்டரில்தான் ஓடுகிறது, இணைப்போடு அதுவும் போகும். கமரா பதிவுப் பெட்டி இணைத்திருந்தால் அதற்கும் வேறு வழி பார்க்க வேண்டும்.

முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். பிறகு பைபர் கம்பி. அதன் நுனியில் பச்சை நிறத்தில் சதுரமான பிளாஸ்டிக் முனை இருக்கும். விரல் அந்தப் பச்சைப் பகுதியைத்தான் பிடிக்க வேண்டும், கம்பியையல்ல. முறுக்காமல், ஆட்டாமல், நேராக இழுத்தால் "டக்" என்று வரும். பச்சை முனையின் உள்ளே வெள்ளைக் குழாய் போல ஒன்று நீட்டியிருக்கும். அதன் முகம் 8 பாகை சரிவாகத் தேய்க்கப்பட்டது. அதில் விரல் பட்டாலோ தூசி ஒட்டினாலோ ஒளி மங்கும். எடுத்தவுடன் சிறிய தூசி மூடியைப் போடுங்கள். மூடி இல்லாவிட்டால் சுத்தமான சிறிய பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுங்கள். முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டாம். உள்ளே ஓடுவது அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை முன்னமே சொல்லி வையுங்கள்.

தூணிலிருந்து வீட்டுக்கு வரும் கறுத்தக் கம்பியையும் சுவரிலுள்ள சிறிய வெள்ளைப் பெட்டியையும் கழற்றாதீர்கள், வெட்டாதீர்கள். அவை அங்கேயே கிடக்க வேண்டியவை. அடுத்த குடியிருப்பாளர் இணைப்பெடுக்கும்போது அதே கம்பியைப் பயன்படுத்துவார்கள். தொங்கிக்கொண்டிருந்தால் பெரிய வட்டமாகச் சுற்றிச் சுவரில் கட்டிவிடுங்கள். 6 சென்ரிமீற்றர் குறுக்களவுக்குக் குறைவாகச் சுற்றினால் ஒளி வளைவில் வெளியே கசியும், கண்ணாடி நூல் முறியவும் கூடும். பெயின்ட் அடிக்கிறவர்கள்தான் இதைப் பெரும்பாலும் வெட்டிவிடுகிறார்கள். வீட்டுச் சொந்தக்காரருக்கும் சொல்லிவைத்தால் நல்லது.

அடப்டர்தான் அடிக்கடி மாறிப்போகும் சாமான். 2022 மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு மினி யூபிஎஸ், அதாவது மின்சாரம் போனாலும் ரவுட்டரை ஓட்டும் சிறிய பற்றறிப் பெட்டி, வாங்கினார்கள். ரவுட்டரின் சொந்த அடப்டர் அதன் பிறகு யூபிஎஸ்ஸுக்கு மின்சாரம் கொடுக்கும் வேலைக்குப் போயிருக்கும், அல்லது லாச்சிக்குள் போயிருக்கும். யூபிஎஸ் உங்களுடையது, அதைக் கொடுத்துவிட வேண்டாம். அதிலிருந்து ரவுட்டருக்குப் போகும் சிறிய வயரும் உங்களுடையது. பைபர் ரவுட்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுகின்றன, கமராவும் 12 வோல்ட், செருகும் முனையும் ஒரே அளவு. ஆகவே வோல்ட்டை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். ரவுட்டரின் லேபலில் எழுதியிருக்கும் அம்பியரும் அடப்டரில் எழுதியிருப்பதும் பொருந்த வேண்டும். பொருந்தாத அடப்டரைக் கொடுத்தால் "அடப்டர் இல்லை" என்று எழுதி அதற்கும் காசு சேர்ப்பார்கள்.

ரிவி பெட்டி இருந்தால் ரிமோட், அதன் அடப்டர், எச்டிஎம்ஐ கேபிள். ரிமோட்டின் பற்றறியை எடுத்துவிட்டுக் கொடுங்கள். கசிந்த பற்றறி உள்ளே உப்புப் போலப் பூத்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து உலரவிடலாம்.

கூரையில் பொருத்தும் வெளி அன்ரெனாவுள்ள 4ஜி இணைப்பு, படுவான்கரையிலும் பொத்துவில் பக்கத்திலும் பலரிடம் உண்டு. அதில் மூன்று துண்டு. மேலே அன்ரெனா, அதிலிருந்து இறங்கும் லான் கேபிள், வீட்டுக்குள் அந்தக் கேபிள் வழியாகவே மின்சாரம் ஏற்றும் சிறிய பெட்டி. அந்தச் சிறிய பெட்டியைச் சாதாரண அடப்டர் என்று எடுத்து வேறெதிலும் செருகாதீர்கள். பல கருவிகளில் அதன் வோல்ட் 12ஐ விட அதிகம், லப்டொப்பின் லான் வாய் கருகக் கூடும். சிம் மேலேயுள்ள அன்ரெனாவுக்குள்ளேதான் இருக்கும், அடிப்பக்க ரப்பர் மூடியைத் திறந்தால் தெரியும். குழாயோடு பிடித்திருக்கும் யூ போல்ட் கடல் காற்றில் இறுகிக் கிடக்கும். துரு நீக்கும் எண்ணெயை முதல் நாள் மாலையே தெளித்துவிட்டு அடுத்த நாள் காலையில் 10 அல்லது 13 ஸ்பானரால் திறந்தால் போல்ட் முறியாது. ஓட்டுக் கூரையில் ஏறித்தான் கழற்ற வேண்டுமென்றால் கம்பனியின் ஆளை வரச் சொல்லுங்கள். கட்டணம் கேட்டாலும் கொடுக்கலாம்.

கரையோர வீடுகளில் ரவுட்டர் பழுதாவதற்கு உப்புக் காற்றும் ஒரு காரணம். கல்லடி, நாவலடி, பாசிக்குடா, அறுகம்பே பக்கத்தில் ஜன்னலோரம் வைத்த ரவுட்டரின் லான் வாயைப் பாருங்கள். உள்ளேயிருக்கும் எட்டு ஊசியிலும் பச்சையாகப் பூத்திருக்கும். ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட மெல்லிய பிரஷால் மெதுவாகத் துடைத்து உலரவிடுங்கள். மண்ணெண்ணெய், தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக் மங்கி எழுத்து அழியும். காற்றுத் துளை வழியாகச் சிற்றெறும்பு குடியேறியிருந்தால் பூச்சி மருந்து அடிக்கக் கூடாது. அந்த எண்ணெய் பலகையில் படிந்து அரிக்கும். அவை சூட்டுக்குத்தான் வருகின்றன. ஒரு நாள் மின்சாரமில்லாமல் வைத்துப் பிறகு மெதுவாகத் தட்டினால் பெரும்பாலும் போய்விடும். மூடியைத் திறக்க வேண்டாம். திருகாணிக்கு மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் கிழிந்தால் எந்தப் பழுதும் உங்கள் தலையில் விழும்.

ஏப்ரலிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி மின்னலில் எரிந்த கருவிகளும் கவுன்டருக்கு வரும். எரிந்த கருவியையும் ஒப்படைக்கத்தான் வேண்டும். வேலை செய்யாதது என்பதற்காக வீசினால் "திருப்பித் தரவில்லை" என்றுதான் பதிவாகும். மின்னல் விழுந்த அன்றோ மறுநாளோ முறைப்பாடு செய்து இலக்கம் வாங்கியிருந்தால், பழுது உங்கள் கவனயீனத்தால் வந்ததல்ல என்று காட்ட அது போதும்.

கொடுக்கும் முன் ரவுட்டரில் உங்கள் வைபை பெயரையும் கடவுச்சொல்லையும் அழிக்கவும். ரீசெற் துளையில் ஊசியால் 10 செக்கன் அழுத்திப் பிடித்தால் போதும், விளக்குகள் அணைந்து மறுபடி எரியும். இதைத் துண்டித்த பிறகு மட்டும் செய்யுங்கள். இணைப்பு உயிரோடு இருக்கும்போது செய்தால் கம்பனியின் அமைப்பும் அழிந்து, தொலைபேசியும் இணையமும் ஒன்றாக நின்றுவிடக் கூடும்.

எங்கே கொடுப்பது? இணைப்பை விற்ற கடையிலல்ல. முகவர் கடைக்காரர் நல்லவராக இருக்கலாம், வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடும். ஆனால் கருவிப் பதிவை மூடும் அதிகாரம் அவரிடம் இருப்பதில்லை. கம்பனியின் சொந்தக் கிளைக்கே போங்கள். வெல்லாவெளி, போரதீவுப் பக்கத்திலிருந்து பட்டிருப்புப் பாலம் தாண்டி வருகிறவர்களுக்கு ஒரு நாள் வேலை கெடும் என்பது உண்மைதான். ஆகவே புறப்படுமுன் எந்தக் கிளை கருவிகளை மீளப் பெறுகிறது, எந்த நேரம் என்று அழைத்துக் கேளுங்கள். ஸ்ரீ லங்கா டெலிகொம் என்றால் 1212. பஸ் கொண்டக்டரிடம் பார்சலாகக் கொடுத்துவிடும் பழக்கம் இந்த விடயத்துக்கு ஒத்துவராது, மறுமுனையில் யாரும் கையொப்பம் வைத்து வாங்கப் போவதில்லை. தபாலில் அனுப்பச் சொன்னால் பதிவுத் தபால், உள்ளே சாமான் பட்டியல், மூடுவதற்கு முன் ஒரு படம்.

கவுன்டரில் அவசரப்படாதீர்கள். பற்றுச்சீட்டில் திகதி, உங்கள் பெயர், இணைப்பு இலக்கம், கருவியின் வகை, சீரியல், அடப்டர் கிடைத்ததா, கருவியின் நிலை, பெற்றவரின் பெயர், முத்திரை இவ்வளவும் இருக்க வேண்டும். "ரவுட்டர் – 1" என்று மட்டும் எழுதியிருந்தால் சீரியலை எழுதித் தரும்படி பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். அச்சிட்ட படிவம் இல்லையென்றால் நீங்கள் கொண்டுபோன கடிதத்தின் பிரதியிலேயே "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையொப்பம் வைக்கச் சொல்லலாம். மெல்லிய பளபளப்பான தாளில் அச்சடித்துத் தரும் சீட்டு நம்முடைய வெயிலுக்குச் சில மாதத்தில் வெளுத்து வெறுந்தாளாகிவிடும். கையில் கிடைத்தவுடன் படம் பிடியுங்கள், போட்டோ பிரதியும் எடுத்து வையுங்கள்.

வீட்டுக்கு வந்து எடுத்துப் போகும் தொழில்நுட்பவியலாளரிடமும் இதே ஒழுங்குதான். பலர் துணை ஒப்பந்தக்காரர்கள், அடுத்த மாதம் அதே ஆள் அந்த வேலையில் இருப்பார் என்பதில்லை. அவருடைய ஊழியர் அட்டையைப் பாருங்கள், வேலைக் கட்டளை இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கையொப்பமில்லாமல் கருவியைக் கொடுக்காதீர்கள்.

கருவி தொலைந்துவிட்டதா? களவு போயிருந்தால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி வேண்டும். வீடு மாறும்போது தவறியிருந்தால் மறைக்காமல் சொல்லி, பழைய கருவிக்கான கழிவு கழித்து விலை போடச் சொல்லிக் கேளுங்கள். நாலு வருடம் ஓடிய ரவுட்டருக்குப் புதுக் கருவியின் விலை நியாயமில்லை, கேட்டால் குறைக்கவும் இடமுண்டு. கம்பனிக் கருவியை இணையத்தில் விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பைபர் ரவுட்டரை அப்படி வாங்கிப் பயனில்லை. தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்திலுள்ள கருவி, பதிந்த ஜிபொன் சீரியலைத்தான் உள்ளே விடும்.

வங்கியில் மாதாமாதம் தானாகக் கழியும்படி போட்டிருந்தால் அதை நிறுத்த மறக்காதீர்கள். ஆனால் இறுதிப் பில் கட்டிய பிறகு நிறுத்துங்கள். அந்தப் பில்லில் துண்டித்த திகதி வரைக்குமான கட்டணம்தான் இருக்க வேண்டும். முழு மாதம் போட்டிருந்தால் கேளுங்கள். வைப்புப்பணம் கட்டியிருந்தால் அது பாக்கியில் கழிந்து மீதி வரவேண்டும். அதற்கு வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கப் பிரதி கேட்பார்கள், அன்றைக்கே கையோடு கொண்டுபோங்கள். எல்லாம் முடிந்ததும் "பாக்கி எதுவுமில்லை" என்று ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள்.

ஒப்படைத்த கருவிக்கே காசு கேட்டுப் பில் வந்தால், முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறைப்பாடு. இலக்கமும் திகதியும் வேண்டும். பதில் வராவிட்டால் அல்லது பதில் சரியில்லாவிட்டால் 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் போகலாம். தொலைபேசி 1900, அலுவலகம் கொழும்பு 08, எல்விட்டிகல மாவத்தை, 276. கம்பனியிடம் முதலில் முறையிட்டீர்களா என்று அவர்கள் கேட்பார்கள். துண்டிப்புக் கடிதத்தின் முத்திரையிட்ட பிரதி, சீரியலுள்ள பற்றுச்சீட்டு, லேபலின் படம், தவறான பில், கம்பனி தந்த முறைப்பாட்டு இலக்கம் ஆகிய ஐந்தையும் ஒன்றாக இணைத்து அனுப்புங்கள். முதற்பக்கத்திலேயே சீரியல் இலக்கத்தை எழுதி, பற்றுச்சீட்டில் அதே இலக்கம் உள்ள வரியின் கீழே கோடு போட்டு வையுங்கள்.